வீட்டுக் கணினியில் தமிழ்: சிறு மென்கருவிகளின் வரலாறும் தென்சென்னைப் புறநகர்ச் சூழலும் (1985–2019)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் மாநாடுகள், அரசாணைகள், குறியேற்றத் தரப்பாடுகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வீட்டில் ஒரு கணினியை வைத்திருந்த சாதாரணப் பயனர் அத்தரப்பாடுகளை நேரடியாகச் சந்திக்கவில்லை. விசைப்பலகைச் செயலி, எழுத்துரு, குறிமாற்றி, இயங்குதளத்தில் செய்யவேண்டிய சிறு மாற்றம் ஆகியவற்றின் வழியாகவே அவர் தமிழை அடைந்தார். இத்தகைய சிறு மென்கருவிகளின் தோற்றம், பரவல், மறைவு ஆகியவற்றைத் தாம்பரம், குரோம்பேட்டை உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ச் சூழலோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கருவிகள் மறைந்துவருவதால் 1990களிலும் 2000களிலும் உருவான தமிழ்க் கோப்புகள், குறிப்பாகத் தமிழ் ஆய்வேடுகள், படிக்க இயலாத நிலையை நெருங்குகின்றன என்பதையும், அதற்குச் செய்யத்தக்கது யாது என்பதையும் கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கணிமை, விசைப்பலகை, எழுத்துருக் குறியேற்றம், ஒருங்குறி, குறிமாற்றி, தாம்பரம், ஆய்வேடு.

1. முன்னுரை

ஒரு மொழி கணினிக்குள் நுழைவதற்கு மூன்று வாயில்கள் தேவை. எழுத்தைத் திரையில் காட்டும் எழுத்துரு முதலாவது. விரலின் தட்டலை எழுத்தாக மாற்றும் விசைப்பலகைச் செயலி இரண்டாவது. எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் குறியேற்றம் மூன்றாவது. ஆங்கிலப் பயனருக்கு இம்மூன்றும் கணினியோடு சேர்ந்தே வந்தன. தமிழ்ப் பயனர் இம்மூன்றையும் தனித்தனியே தேடிப் பெற்று நிறுவவேண்டியிருந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இக்காலப்பகுதியை ஆராய்வோர் திஸ்கி, தமிழ்99, ஒருங்குறி முதலிய தரப்பாடுகளையே மையப்படுத்துவர். அவை முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், தரப்பாடு என்பது தாளில் எழுதப்பட்ட ஓர் உடன்பாடு. அது ஒரு குடும்பத்தின் கணினிக்குள் செயல்படுவதற்கு யாரேனும் ஒருவர் ஒரு செயலியை எழுதி, அதை இலவசமாகவோ சிறுவிலைக்கோ வழங்கி, நிறுவும் முறையையும் சொல்லித்தர வேண்டும். எந்தத் தரப்பாடு நிலைத்தது, எது ஏட்டளவில் நின்றது என்பதை இச்செயலிகளே பெருமளவு தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இங்கு 'சிறு மென்கருவி' எனப்படுவது, தனியொருவராலோ சிறு குழுவாலோ உருவாக்கப்பட்டு, வேறொரு பெரிய இயங்குதளத்தின் குறையை நிரப்பும் பொருட்டு வீட்டுப் பயனர் தாமே நிறுவிக்கொள்ளும் செயலியைக் குறிக்கும்.

2. தட்டச்சு மரபும் தொடக்கக்காலச் செயலிகளும்

தமிழ்க் கணினி விசைப்பலகையின் வரலாறு கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்தவருமான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தையாக மதிக்கப்படுகிறார். அவ்வழி வந்த விசை அமைப்பைத் தட்டச்சுப் பயிலகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தன. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வின் 'லோயர்', 'ஹையர்' நிலைகள் அரசு வேலைக்கான தகுதிகளுள் ஒன்றாக விளங்கின. இதனால் கணினி வருவதற்கு முன்பே, தமிழகத்து நகரங்களில் தமிழ் விசையமைப்பை விரல்களில் பதித்துக்கொண்ட ஒரு பெரும் பிரிவினர் உருவாகியிருந்தனர்.

1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இங்குக் கருதத்தக்கது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனி வடிவங்கள் நீக்கப்பட்டதால், அச்சுக்கும் பின்னர்க் கணினிக்கும் தேவைப்பட்ட வடிவங்களின் எண்ணிக்கை குறைந்தது. 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் குறைந்த இடங்களுக்குள் அடக்கவேண்டியிருந்த எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிதும் உதவியது.

வீட்டுக் கணினிக்கான தொடக்கக்காலத் தமிழ்ச் செயலிகள் பல தமிழகத்திற்கு வெளியே பிறந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய பணி 'முரசு' மென்பொருளாகவும், பின்னர் 'முரசு அஞ்சல்' ஆகவும் வளர்ந்தது. கனடாவில் வாழ்ந்த முனைவர் க. சீனிவாசன் டாஸ் இயங்குதளத்திற்கு 'ஆதமி' என்னும் சொற்செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முயற்சியை மேற்கொண்டார். சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் ஒன்று பல இந்திய மொழிகளுக்கான பதிப்பியை உருவாக்கியதோடு, பார்வையற்றோர் பயன்பாட்டிற்கும் அதை விரிவுபடுத்தியது.

புலம்பெயர்ந்தோர் முன்னின்றதற்குப் புறநிலைக் காரணம் உண்டு. வீட்டுக் கணினியும் இணையமும் அந்நாடுகளில் முன்னரே பரவியிருந்தன. தமிழில் மடல் எழுதவேண்டும் என்னும் தேவை, தமிழைத் தெருவில் கேட்க இயலாதவரிடமே முதலில் வலுவாக எழுந்தது.

3. எழுத்துருக் குறியேற்றமும் அதன் சிக்கலும்

1990களின் தமிழ்ச் செயலிகள் அனைத்தும் எதிர்கொண்ட எல்லை ஒன்றே. அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள் மட்டுமே இருந்தன. இவற்றுள் முதல் 128 இடங்கள் ரோமன் எழுத்துகளுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தனர். ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைவது ஒரு வழி. மேல்பாதியில் மட்டும் தமிழை வைத்து, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே எழுத்துருவில் காட்டுவது மற்றொரு வழி.

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும், தமிழகத்து டி.டி.பி. மையங்களிலும் பரவிய 'பாமினி' எழுத்துரு முதல் வழியைச் சார்ந்தது. அதில் 'தமிழ்' என்னும் சொல்லை அடித்தால் கணினி சேமிப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ரோமன் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது 'தமிழ்' எனத் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ரோமன் எழுத்துவரிசை. கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பில் தமிழ் என்பதே இல்லை. தமிழ்போலத் தோன்றும் ஓர் ஓவியம் மட்டுமே உண்டு.

எழுத்துருவுக்கு எழுத்துரு இடவரிசை மாறியது. அரசு அலுவலகங்களில் 'வானவில்' பரவியது. அச்சகங்களில் 'ஸ்ரீலிபி' முதலியன வழங்கின. நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்திற்கு வந்தபோது பல தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டன. நான்கு இதழ்களைப் படிக்க விரும்பிய வீட்டுப் பயனர் நான்கு எழுத்துருக்களைத் தரவிறக்கிக் கணினியின் எழுத்துரு உறையில் இடவேண்டியிருந்தது. தமிழ் கம்ப்யூட்டர் போன்ற அச்சிதழ்களும் நாளிதழ்களின் கணினி இணைப்புகளும் இத்தகைய வழிமுறைகளைப் படிப்படியாகக் கற்பித்தன. தமிழில் தோன்றிய தொழில்நுட்ப உரைநடையின் ஒரு பகுதி இச்சிறு குறிப்புகளிலேயே உருவானது என்பது தனித்து ஆராயத்தக்கது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முதல் பெருமுயற்சி மின்னஞ்சல் குழுவிலேயே நிகழ்ந்தது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் மடல்வழி விவாதித்துத் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழிலக்கிய மின்பதிப்புகளை இக்குறியேற்றத்தில் வழங்கியது திஸ்கிக்கு ஒரு பயன்பாட்டுத் தளத்தை அளித்தது. அரசாணை ஏதுமின்றி, பயன்படுத்தியோரின் இசைவால் மட்டுமே நிலைபெற்ற தரப்பாடு இது.

4. அரசாணையும் வீட்டு மேசையும்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டின் பின்னணியில், அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் எழுத்துருக் குறியேற்றங்களையும் ஏற்று ஆணையிட்டது. 'டாம்' தமிழுக்கு மட்டும் உரியது. 'டாப்' தமிழும் ஆங்கிலமும் இணைந்தது.

தமிழ்99 மொழியியல் நோக்கில் நேர்த்தியான அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகளின் பெரும்பகுதி வலக்கைப் பக்கத்திலும் அமைந்தன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் அவ்வாறே. 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். 'இந்த' என்பதற்கு மூன்று போதும். ஒலிபெயர்ப்பு முறையில் ரோமன் எழுத்துகளால் அடித்தால் இவ்விரு சொற்களுக்கும் ஐந்தைந்து தட்டல்கள் வேண்டும். மெல்லினமும் அதன் இனவெழுத்தும் அடுத்தடுத்து வரும் என்னும் இலக்கண இயல்பு, இங்கு ஒரு பொறியின் இயக்கவிதியாக மாறியிருப்பதைக் காணலாம்.

ஆயினும், வீட்டுப் பயனரிடம் பெரிதும் பரவியது ஒலிபெயர்ப்பு முறையே. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கடையில் வாங்கிய விசைப்பலகையின் மேல் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. தமிழ்99 பழக விரும்பியவர் விசைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டவோ, படம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளவோ வேண்டியிருந்தது. இரண்டாவது, பள்ளியில் கணினி ஆங்கில வழியிலேயே அறிமுகமானது. மூன்றாவது, வீட்டுப் பயனர் நாளொன்றுக்கு ஒரு மடலோ சில வரிகளோதான் எழுதினார். பக்கக்கணக்கில் அடிப்பவருக்கே தட்டல் எண்ணிக்கையில் கிடைக்கும் சேமிப்பு பயன்தரும். பழைய தட்டச்சு அமைப்பைப் பயிலகத்தில் கற்றவர்களோ அதைக் கைவிட மறுத்தனர்.

ஆகவே, அரசாணை ஒரு விசைப்பலகையை அறிவித்த காலத்தில் மக்களிடம் மூன்று விசைப்பழக்கங்கள் இருந்தன. இம்மூன்றுக்கும் இடமளித்த செயலிகளே பின்னர் வென்றன.

5. ஒருங்குறியும் இல்லக் கணினியும்

தமிழுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. இந்தியத் தரக் குறியேற்றமான இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அது அடிப்படையாகக் கொண்டது. எனினும், விண்டோஸ் 2000 வந்தபோதுதான் 'லதா' எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்தில் இடம்பெற்றது. பெரும்பாலான வீடுகளில் அப்போது விண்டோஸ் 98 இருந்தது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் இருந்தும் இல்லாத நிலை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார மொழி அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தைத் தேர்ந்து, கணினி கேட்கும்போது இயங்குதளக் குறுவட்டை இட்டு, மீண்டும் தொடங்கினால்தான் தமிழ் ஒழுங்காகத் தோன்றும். இல்லையேல் கொம்பு பிரிந்து எழுத்துக்குப் பின்னே நிற்கும்.

ரிச்சி தெருவில் உதிரிபாகங்களாக வாங்கிப் பொருத்தப்பட்ட கணினிகள் பலவற்றோடு இயங்குதளக் குறுவட்டு வருவதில்லை. எனவே, ஒரே ஒரு கட்டத்தைத் தேர்வுசெய்யும் சிறுமாற்றம் பல இல்லங்களில் எளிதில் முடியாத பணியாயிற்று. இயங்குதளத்தில் தமிழ் 'உண்டு' என்னும் அறிவிப்புக்கும் பயனர் மேசையில் தமிழ் தோன்றுவதற்கும் இடையே இருந்த தொலைவை இச்சான்று புலப்படுத்தும்.

இத்தொலைவைக் கடக்க உதவியவை சிறு மென்கருவிகள். 2000ஆம் ஆண்டு விசுவநாதன் வெளியிட்ட 'அழகி', ரோமன் எழுத்தில் அடிப்பதை உடனுக்குடன் தமிழாக மாற்றிக் காட்டியது. தமிழ்த் தட்டச்சு அறியாதவரை எழுதவைத்தது அதன் சிறப்பு. முகுந்தராஜ் உருவாக்கிய 'எ-கலப்பை', ஆஸ்திரேலியாவில் உருவான கீமேன் என்னும் விசைப்பலகைப் பொறியைப் பயன்படுத்தி, எந்தச் செயலியிலும் நேரடியாகத் தமிழை அடிக்கும் வசதியைத் தந்தது. திஸ்கி, ஒருங்குறி ஆகிய இரண்டையும் அது ஆதரித்தமையால், மாறுகாலத்தில் இரு கரைகளிலும் கால்வைக்கப் பயனருக்கு முடிந்தது. பின்னர் அது திறமூலச் செயலியாக மறுவடிவம் பெற்றது. 2000களின் இறுதியில் சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வழங்கிய 'என்.எச்.எம். எழுதி', தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு, பாமினி ஆகிய அமைப்புகளை ஒரே செயலியில் அடக்கியது. ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். குறிப்பிடத்தக்கது, அச்செயலி இயங்குதளக் குறுவட்டு இல்லாத எக்ஸ்பி கணினியிலும் தமிழைச் செயற்படுத்தியமை. பயனரின் உண்மையான இடர் எங்கே இருந்தது என்பதை அதை உருவாக்கியோர் அறிந்திருந்தனர்.

அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய 'தேனீ' எழுத்துருவும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. வாசகர் தம் கணினியில் எதையும் நிறுவாமலேயே இணையப்பக்கத்தைப் படிக்கும் இயங்கு எழுத்துரு முறை அதனால் பரவியது. 2006இல் அவர் மறைந்தார்.

இவற்றுக்குப் பொதுவான சில பண்புகள் உண்டு. அனைத்தும் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கியவை. தொலைபேசிவழி இணைய இணைப்பிலும் தரவிறக்கத்தக்கவை. ஒரு நெகிழ்வட்டிலோ குறுவட்டிலோ நண்பரிடமிருந்து நண்பருக்குக் கைமாறியவை. அவற்றின் பெயர்கள் கலப்பை, முரசு, அழகி, தேனீ என வீட்டுக்கும் வயலுக்கும் உரிய சொற்களாக அமைந்தன. கணினியை அயலதாகக் கருதிய பயனரிடம் அப்பெயர்களும் ஓரளவு பணியாற்றின எனலாம்.

6. குறிமாற்றிகள்

ஒருங்குறி பரவத் தொடங்கியதும் புதிய தேவை எழுந்தது. ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை என் செய்வது? செர்மனியில் வாழும் சுரதா உருவாக்கிய 'பொங்குதமிழ்' குறிமாற்றி, பாமினி, திஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களில் உள்ளதை ஒட்டினால் ஒருங்குறியில் தந்தது. நாகார்ஜுன வென்னா உருவாக்கிய 'பத்மா' என்னும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, பழைய எழுத்துருவில் உள்ள இணையப்பக்கத்தைத் திறந்தவுடனேயே மாற்றிக் காட்டியது.

குறிமாற்றம் எளிய பதிலீடு அன்று. எழுத்துருக் குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையைச் சேமிப்பவை. 'கொ' என்பதில் கொம்பு, ககரம், கால் என்னும் வரிசை அவற்றில் அமையும். ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் சேமிக்கும். ஆகவே குறிமாற்றி எழுத்தைப் பிரித்து மீண்டும் கோக்கவேண்டும்.

இதில் இரு சிக்கல்கள் இன்றும் தொடர்கின்றன. ஒன்று, ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவுடையன. பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் ஒரே மூன்று வடிவங்களால் ஆனவை. எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றும் விதியை எழுதினால் 'தெள்ளிய' என்பது சிதையும். மாற்றாது விட்டால் 'பௌர்ணமி' என்பது 'பெளர்ணமி' ஆகும். மற்றொன்று, ரகர மெய். பழைய அச்சு மரபில் 'ர்' என்பது காலின் மேல் புள்ளி இட்டதுபோலவே தோன்றும். அம்மரபில் பயின்றோர் கால் விசையையும் புள்ளி விசையையும் சேர்த்து அடித்தனர். குறிமாற்றி அதை அவ்வாறே மாற்றுவதால் 'அவர்' என்பது 'அவா்' என ஒருங்குறியில் பதிகிறது. கண்ணுக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும். கணினிக்கோ இவை இரு வேறு சொற்கள். 'அவர்' எனத் தேடுவோர்க்கு 'அவா்' கிடைப்பதில்லை. இன்றைய இணையத் தமிழில் இவ்வகைப் பதிவுகள் மிகுதி. சொல்லடைவு, தொடரடைவு, இயற்கைமொழி ஆய்வு ஆகியவற்றை மேற்கொள்வோர் இதனைக் கருதாது எண்ணிக்கை கூறினால் அவ்வெண்ணிக்கை பிழைபடும்.

7. தென்சென்னைப் புறநகரின் பங்கு

இவ்வரலாற்றை ஒரு நிலப்பகுதியோடு இணைத்துக் காண்பது பயனுடையது. தாம்பரமும் அதைச் சூழ்ந்த புறநகரும் கணினிக்கு முன்பிருந்தே கல்வியையும் தொடர்வண்டியையும் அச்சாகக் கொண்டவை. கடற்கரை–தாம்பரம் மின்தொடர்வண்டி 1931 முதல் இயங்குகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் உள்ளது. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. கணினியைத் தமிழ் வாசகருக்கு உரைநடையில் அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவரான எழுத்தாளர் சுஜாதா இக்கல்லூரியில் பயின்றவர். மாணவர், நடுத்தர ஊழியர், தொடர்வண்டி வழியாக நகருக்குச் சென்று திரும்புவோர் ஆகியோர் வாழும் இப்பகுதியில் தட்டச்சுப் பயிலகம், நகலகம், டி.டி.பி. மையம், பிரவுசிங் சென்டர் ஆகியவை அடுத்தடுத்துத் தோன்றியதில் வியப்பில்லை. மேற்கூறிய மூன்று விசைப்பழக்கங்களும் சந்தித்த இடங்கள் இவையே.

குரோம்பேட்டை வளாகத்தில் அமைந்த ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையம் தமிழ் உருபனியல் பகுப்பாய்வு, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பணியாற்றியது. 2005இல் நடுவணரசு நிறுவிய கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் இம்மையத்தையும் சென்னை சி-டாக் நிறுவனத்தையும் களமாகக் கொண்டது. 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் இம்முயற்சியோடு தொடர்புடையது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. கணினி இல்லாத பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொணர்ந்த திட்டம் அது.

நடுவணரசு நேரடியாக வீட்டுப் பயனரை நோக்கிய நிகழ்வு ஒன்றும் சென்னையில் நடைபெற்றது. 2005 ஏப்ரல் 15 அன்று தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகைச் செயலிகள், அலுவலகச் செயலி முதலியன அடங்கிய குறுவட்டு வெளியிடப்பட்டு, பதிவுசெய்தோர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பணியின் தேவையை அரசு ஏற்றதற்கு இது சான்று.

நிறுவனங்களுக்கு வெளியே, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தாம்பரம் வட்டாரத்தில் கூடிவந்தது. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவாகும்வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தமை அப்பெயரை விளக்கும். 2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளைப் பகிர்தல் உரிமத்தோடு வெளியிட்டது. ஒரு செயலியை எவ்வாறு நிறுவுவது, எவ்வாறு தம் விருப்பத்திற்கு மாற்றுவது எனப் பிறருக்குச் சொல்லித்தரும் மரபு இவற்றின்வழித் தொடர்ந்தது.

8. கருவிகளின் மறைவும் ஆய்வேடுகளின் நிலையும்

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த வேளையில், தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமான 'டேஸ்16' முறையையும் தரப்பாடாக அறிவித்தது. 2019 மே மாதத்தில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டில் தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை உள்ளமைந்தே வந்தது. திறன்பேசிகளில் தமிழ் இயல்பாகவே கிடைக்கிறது. சிறு மென்கருவி நிரப்பிய இடத்தை இயங்குதளமே நிரப்பிவிட்டது. இது அக்கருவிகளின் வெற்றி. அவ்வெற்றியே அவற்றை மறக்கவும் செய்கிறது. அவற்றின் நிறுவற்கோப்புகள் இருந்த தளங்கள் பல இன்று இயங்குவதில்லை.

இதனால் நேரும் இழப்பு தமிழாய்வு உலகிற்கு நேரடியானது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர்பட்ட ஆய்வேட்டின் மின்வடிவத்தை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அவை 'சோத்கங்கா' என்னும் தேசியக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகள் பல டி.டி.பி. மையங்களில் பாமினி, செந்தமிழ், வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவற்றின் பி.டி.எஃப். கோப்பு திரையில் அழகாகத் தோன்றும். அதில் 'சிலப்பதிகாரம்' எனத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துகள் விழும். நூறு பக்கம் எழுதிய ஆய்வாளரின் முடிவு அடுத்த ஆய்வாளரின் தேடலில் அகப்படாமல் போகிறது. ஒரே தலைப்பு மீண்டும் மீண்டும் ஆராயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வருடி வைத்த பக்கங்களை எழுத்துணரிகொண்டு படிக்கலாமே எனும் வாதம் உண்டு. எழுத்துணரி பிழைகளைப் புதிதாகச் சேர்க்கும். மூலக் கோப்போ அடித்தவாறே துல்லியமாக உள்ளது. அதன் குறியட்டவணை மட்டுமே தேவை. அவ்வட்டவணை இருப்பது குறிமாற்றிச் செயலிகளுக்குள். கல்வெட்டின் எழுத்தமைதி அறியாமல் கல்வெட்டைப் படிக்க இயலாததுபோல, குறியட்டவணை அறியாமல் இக்கோப்புகளைப் படிக்க இயலாது. வேறுபாடு ஒன்றே: கல் காத்திருக்கும், குறுவட்டு காத்திராது.

செய்யத்தக்கவை மூன்று. பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்வாளரிடமிருந்து பி.டி.எஃப். மட்டுமன்றி மூலக் கோப்பையும், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் பெற்றுவைக்க வேண்டும். 1990கள் முதல் வழங்கிய எழுத்துருக்கள், விசைப்பலகைச் செயலிகள், குறிமாற்றிகள், அவற்றின் பயன்பாட்டுக் கையேடுகள் ஆகியவற்றை உரிமையாளர் இசைவோடு ஓர் ஆவணக்காப்பகத்தில் தொகுக்கவேண்டும். குறிமாற்றம் செய்யப்பட்ட பனுவல்களில் 'ா்', 'கெள' போன்ற பதிவுகளைச் சரிபார்க்கும் பொதுவிதிகளை மொழியியலாளரும் கணிமையரும் இணைந்து வகுக்கவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: தமிழ் வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது தரப்பாடுகளால் மட்டும் அன்று, பயனரின் விரற்பழக்கம், பையளவு, கையிலுள்ள கணினியின் குறை ஆகியவற்றை அறிந்து எழுதப்பட்ட சிறு மென்கருவிகளால். அரசாணை ஒரு விசைப்பலகையைத் தேர்ந்தது. கருவிகள் பலவற்றுக்கும் இடமளித்து, அவற்றின் அடியில் ஒரே குறியேற்றத்தை நிலைபெறச் செய்தன. எவ்வாறு அடித்தாலும் சேமிக்கப்படுவது ஒன்றாக இருக்கட்டும் என்னும் இத்தீர்வே ஒருங்குறித் தமிழைப் பொதுவழக்காக்கியது.

தென்சென்னைப் புறநகர் இவ்வரலாற்றில் ஆய்வகம், பயனர் குழு, டி.டி.பி. மையம் ஆகிய மூன்று நிலைகளிலும் பங்கேற்றது. இவற்றுள் முதலிரண்டும் ஓரளவேனும் பதிவாகியுள்ளன. டி.டி.பி. மையங்களில் ஆய்வேடுகளையும் சிற்றிதழ்களையும் அடித்துத் தந்தோரின் அனுபவம் வாய்மொழி வரலாறாகக்கூடத் திரட்டப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய எழுத்துருக்களின் நினைவு அவர்களிடமே உள்ளது. அந்நினைவும் அக்கோப்புகளும் ஒருங்கே கிடைக்கக்கூடிய காலம் நீண்டதன்று. அத்தொகுப்பை அடுத்தகட்ட ஆய்வாக மேற்கொள்வது இன்றியமையாதது.